பிரபுவின் நூலகர், பள்ளி வாத்தியார், மாயன் ஏட்டைத் திறந்தவர்: எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமான்

ஏட்டுக்கட்டு (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு மனிதரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ரொம்ப நாளாக எழுத நினைத்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டமான். 1822 செப்டம்பர் 18 அன்று டான்சிக் நகரில் பிறந்தவர். இன்று அது போலந்தின் க்டான்ஸ்க். அப்பா அந்த ஊர் ஜிம்னாசியத்தில், அதாவது உயர்நிலைப் பள்ளியில், கணக்கு வாத்தியார். பையன் பெர்லினிலும் ஹாலேயிலும் ஒப்பியல் மொழியியல் படித்தார். 1844இல், 22 வயதுக்குள், ஹாலேயில் முனைவர் பட்டம். அப்புறம் ஊருக்கே திரும்பி வாத்தியார் வேலை.

1851இல் ஹார்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் வெர்னிகெரோட என்ற சிறிய ஊருக்குப் போனார். அங்கே ஒரே சமயத்தில் இரண்டு வேலை. ஊர்ப் பள்ளியில் ஆசிரியர். ஸ்டோல்பெர்க்-வெர்னிகெரோட பிரபு குடும்பத்தின் நூலகத்துக்கு நூலகர். 14 வருடம் அப்படியே. 1865இல், அப்போதைய சாக்சனி அரசின் தலைநகரான டிரெஸ்டனில், அரச பொது நூலகத்தின் தலைவரானார். அங்கே கண்ணாடிக்கு நடுவில் ஒரு மாயன் ஏடு இருந்தது; மத்திய அமெரிக்காவின் பழங்குடிகளான மாயன் மக்கள் எழுதியது. அது நூலகத்துக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்ட வருடங்கள் ஆகியிருந்தன. அதன் நாள்கணக்கு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர் இவர்தான். அந்த ஏட்டின் நகலை வெளியிட்டபோது அவருக்கு வயது 58.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பகுதியை மட்டும் எழுதுவார்கள். எனக்கு முதல் பகுதிதான் முக்கியம். பள்ளியும் நூலகமும் சேர்ந்து ஒரு மனிதரின் கையை எப்படிப் பழக்கின என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பவழமல்லி:

அண்ணா, நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஒரு அடிப்படைக் கேள்வி. அரசவை நூலகர் என்றால் என்ன வேலை? பிரபு கேட்கிற புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது மட்டும்தானா? அதற்கு ஏன் முனைவர் பட்டம் வாங்கியவர்?

ஏட்டுக்கட்டு:

நல்ல கேள்விம்மா. அந்தக் கால ஜெர்மனி ஒரே நாடு இல்லை. அரசர்கள், கோமகன்கள், பிரபுக்கள் என்று ஆளாளுக்கு ஒரு ஆட்சிப்பகுதி. ஆளாளுக்கு ஒரு நூலகம். அறிஞர்கள் பலருக்குச் சோறு போட்டது அந்த நூலகங்கள்தான். தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் ஹானோவரில் நூலகராக இருந்தார். நாடக ஆசிரியர் லெஸ்ஸிங் 1770 முதல் வொல்ஃபென்பியுட்டலில் நூலகர்.

வெர்னிகெரோட நூலகம் இன்னொரு விதத்தில் விசேஷமானது. 1746இலேயே கிறிஸ்டியான் எர்ன்ஸ்ட் பிரபு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அரண்மனையின் சொத்து, ஆனால் ஊர்க்காரர்கள் வந்து படிக்கலாம். பைபிள் பதிப்புகளும் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகங்களும் ஏராளம். பழைய ஆரஞ்சுத் தோட்ட மாளிகை ஒன்றில் அலமாரிகள் இருந்தன.

அங்கே நூலகர் செய்வது நாங்கள் இன்று செய்வதுதான். வந்த புத்தகத்தைப் பதிவது, இனம் பிரிப்பது, பட்டியல் போடுவது, இருப்புச் சரிபார்ப்பது, கடிதத்துக்குப் பதில் எழுதுவது. இதோடு பள்ளியில் பாடமும் எடுத்திருக்கிறார். அந்த நூலகத்தின் வரலாற்றை அவரே 1866இல் புத்தகமாக வெளியிட்டார். அப்போது அவர் டிரெஸ்டனுக்குப் போய்விட்டார். போன இடத்திலிருந்து பழைய நூலகத்துக்குச் செய்த கடைசி மரியாதை மாதிரி எனக்குத் தோன்றும்.

கணக்குநோட்டு:

ஐயா, இழைக்கு நன்றி. நானும் வாத்தியார்தான், கணக்கு. ஒரு சின்னச் சேர்க்கை. 1865இல், வேலை மாறின அதே வருடம், பள்ளி நூலகங்களை எப்படி அமைப்பது, எப்படி நிர்வகிப்பது என்று அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இரண்டு வேலையையும் தெரிந்தவர் எழுதக்கூடிய புத்தகம் அது. இன்றும் எத்தனையோ பள்ளிகளில் நூலகப் பொறுப்பு யாரோ ஒரு ஆசிரியரிடம் கூடுதல் சுமையாகத்தான் இருக்கிறது. சாவியைக் கொடுப்பார்கள், எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். என்னிடமும் அப்படி ஒரு சாவி மூன்று வருடம் இருந்தது. அந்த இடத்தில் நின்ற ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நெய்தல்:

கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். இவரைப் பள்ளி வாத்தியார், நூலகர் என்று சொல்லி எளியவர் கதையாக்கிவிடுகிறோம். அவர் முறையாகப் பயின்ற மொழியியலாளர். ஜெர்மன் பெயராய்வு என்ற துறையே அவர் புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது. மாயன் ஏட்டை அவர் தொட்டதும் அந்தப் பயிற்சியால்தான். நூலக வேலை சம்பளத்துக்கு. இரண்டையும் முடிச்சுப் போட ஆதாரம் வேண்டாமா?

ஏட்டுக்கட்டு:

அக்கா, நீங்கள் சொன்ன அந்தப் பெயர்ப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம்.

1846இல் யாக்கோப் கிரிம் முன்மொழிய, பெர்லின் அகாதமி ஒரு பரிசுப் போட்டி அறிவித்தது. கி.பி. 1100 வரையிலான ஆவணங்களில் கிடைக்கும் பழைய ஜெர்மன் பெயர்களைத் திரட்ட வேண்டும். கிரிம் என்றால் தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர்தான்; மொழியியலில் அவர் பெரும் ஆள். 24 வயது வாத்தியார் ஃபோர்ஸ்டமான் அதில் இறங்கினார். பரிசும் வாங்கினார். அதோடு விடவில்லை. வெர்னிகெரோடவில் உட்கார்ந்து அதையே வளர்த்தார். 1856இல் ஆட்பெயர்த் தொகுதி, 1859இல் ஊர்ப்பெயர்த் தொகுதி.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கதை இல்லை, நடை இல்லை. ஒரு பெயர், அதன் வேர், அது எந்த ஆவணத்தில் எந்த நூற்றாண்டில் எந்த வடிவத்தில் வருகிறது; அடுத்த பெயர். பக்கம் பக்கமாக இதுதான். மடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்தவன், சாட்சியாக நின்றவன், இறந்தோர் பட்டியலில் இருக்கிறவள் என்று ஆயிரக்கணக்கானவர்கள். இதை எழுதத் தேவையான அறிவு மொழியியல். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதிய பழக்கத்தை என்னவென்று சொல்வீர்கள்? எனக்கு அது ஒரு பெரிய அக்செஷன் ரெஜிஸ்டராகத்தான் (நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசையாகப் பதியும் பதிவேடு) தெரிகிறது.

இன்னொன்று. கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் மூன்றிலும் எந்த ஒலி எத்தனை முறை வருகிறது என்று எண்ணி விகிதம் போட்டவர் அவர். 1840களிலும் 50களிலும்! கணினி இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கோடு போட்டு எண்ண வேண்டும். கணக்கு வாத்தியார் மகன் மொழியியல் படித்தால் இப்படித்தான் ஆகும் போல.

நெய்தல்:

சரி, எண்ணும் பழக்கத்தை ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1852இல் ஒரு ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில்தான் 'மக்கள் சொற்பிறப்பு' என்ற கருத்துக்கு ஜெர்மனில் பெயர் கிடைத்தது. அதை அப்படியே மொழிபெயர்த்துத்தான் ஆங்கிலத்திலும் இன்று சொல்கிறார்கள். பொருள் மறந்துபோன சொல்லை மக்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வதுதான் அது.

ஜெர்மனில் அழகான உதாரணம் உண்டு. நோவா காலத்து வெள்ளத்துக்குப் பழைய பெயர் சின்ட்ஃப்ளூட். பொருள் பெருவெள்ளம், அவ்வளவுதான். 'சின்ட்' என்றால் என்ன என்பது மறந்துபோனது. 'ஸ்யுண்டே' என்றால் பாவம். மக்கள் அதை ஸ்யுண்ட்ஃப்ளூட், பாவ வெள்ளம் என்று ஆக்கிவிட்டார்கள். கதைக்கும் பொருந்திவிட்டது. இன்னொன்று, மண்ணைத் தோண்டும் அகழெலி. பழைய பெயரில் 'மண்ணை எறிவது' என்ற பொருள் இருந்தது. மண்ணைக் குறித்த சொல் வழக்கொழிந்ததும் அது 'மவுல்வுர்ஃப்' ஆனது. மவுல் என்றால் விலங்கின் வாய்.

படித்தவர்கள் இதைப் பாமரர் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் அதை மொழிக்குள் நடக்கிற ஒரு வேலையாகப் பார்த்தார். வகுப்பில் தினமும் பிள்ளைகள் செய்கிற தப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால் அந்தக் கண் வந்திருக்குமோ என்று இப்போது நானே யோசிக்கிறேன். ஆக உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன்.

பவழமல்லி:

மாயன் ஏட்டுக்கு வாங்க! அது எப்படி ஜெர்மனிக்குப் போனது?

ஏட்டுக்கட்டு:

டிரெஸ்டன் நூலகத்தில் வேலை பார்த்த யோஹான் கிறிஸ்டியான் கோட்சே என்பவர் 1739இல் வியன்னாவில் ஒரு தனியாரிடமிருந்து வாங்கிவந்தார். விலைமதிப்பில்லாத மெக்சிகோ புத்தகம் என்று 1744இல் அவரே எழுதிவைத்தார். வாங்கும்போதே அவருக்கு அதன் அருமை தெரிந்திருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை.

அத்தி இன மரப்பட்டையில் செய்த தாள், மேலே சுண்ணாம்புப் பூச்சு. விசிறி மாதிரி மடிப்பது. 39 இதழ்கள். 78 பக்கங்களில் 4 வெற்று, 74இல் எழுத்தும் படமும். விரித்தால் மூன்றரை மீட்டருக்கு மேல். ஒரு பக்கம் சுமார் 9 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். உள்ளங்கையை விரித்து வைத்தால் பாதிக்கு மேல் மறைந்துவிடும். அந்தச் சின்ன இடத்துக்குள் தெய்வ உருவங்கள், எழுத்துக் கட்டங்கள், சிவப்பிலும் கறுப்பிலும் எண்கள்.

ஜெர்மன் ஆய்வுப்பயணி ஹும்போல்ட் 1810இல் அதிலிருந்து 5 பக்கங்களை வெளியிட்டார். 1830களில் கிங்ஸ்பரோ பிரபு முழுவதையும் வரையவைத்து அச்சிட்டார். 1835இல் நூலகத்தில் அதை இரண்டு துண்டாகக் கண்ணாடிச் சட்டங்களுக்குள் வைத்தார்கள். இப்படி ஊருக்கே தெரிந்த ஏடுதான், மூலையில் கிடந்த புதையல் இல்லை. எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஃபோர்ஸ்டமான் எண்ணிப் பார்த்தார்.

கணக்குநோட்டு:

எண் பகுதியை நான் சொல்கிறேன், இதில்தான் எனக்கு உயிர்.

ஒரு புள்ளி என்றால் 1. ஒரு கோடு என்றால் 5. இரண்டு கோடும் மூன்று புள்ளியும் 13. சிப்பி வடிவம் என்றால் 0. எண்களை மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். அடித்தட்டு ஒன்றுகள். அடுத்த தட்டு 20கள். அதற்கு மேல் 400 வர வேண்டும், ஆனால் நாள்கணக்கில் 360. அதற்கு மேல் 7,200. அப்புறம் 1,44,000. மூன்றாவது தட்டில் மட்டும் 20க்குப் பதில் 18ஆல் பெருக்குவதால் வருடத்துக்கு நெருக்கமாக 360 கிடைக்கிறது.

இப்போது ஏட்டின் 24ஆம் பக்கம். அதில் மூன்று எண்கள். தட்டுகளை மேலிருந்து கீழாகச் சொல்கிறேன்.

முதல் எண்: 9, 9, 16, 0, 0. கணக்குப் போட்டால் 12,96,000 + 64,800 + 5,760 = 13,66,560.

இரண்டாவது சின்ன எண்: 6, 2, 0. அதாவது 2,160 + 40 = 2,200.

மூன்றாவது: 9, 9, 9, 16, 0. அது 13,64,360.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மூன்றாவது வருகிறதா? வருகிறது. தட்டுகளின் மதிப்பு இதுதான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? ஒரு கழித்தல் கணக்கு. இதைப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு தேதிகள் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று '4 அஹாவ் 8 கும்கு'. இன்னொன்று '1 அஹாவ் 18 கயாப்'. முன்னது அந்த முழு நாள்கணக்கின் தொடக்க நாள். எல்லா நீண்ட எண்களும் அங்கிருந்துதான் எண்ணப்படுகின்றன என்று ஃபோர்ஸ்டமான் நிறுவினார்.

பவழமல்லி:

சார், தேதியில் முன்னால் 4, 1 என்று வருவது எது? மாதத்தின் நாளா?

கணக்குநோட்டு:

இல்லைம்மா. இரண்டு சக்கரம் என்று நினைத்துக்கொள். ஒன்றில் 1 முதல் 13 வரை எண். இன்னொன்றில் 20 நாட்பெயர்கள். இரண்டும் ஒன்றாகச் சுற்றும். 260 நாள் ஆனால்தான் அதே எண்ணும் அதே பெயரும் மறுபடி சேரும். அஹாவ் என்பது நாட்பெயர், முன்னால் இருப்பது 13க்குள் வரும் எண். 8 கும்கு என்பது 365 நாள் ஆண்டில் இடம். இந்தச் சக்கரமும் சேர்ந்து சுற்றினால் முழுத் தேதியும் திரும்ப 18,980 நாள், கிட்டத்தட்ட 52 வருடம்.

ஏட்டில் இந்த 260 நாள் சுழற்சியைக் காட்டும் பகுதிகளில் சிவப்பு எண் எல்லாம் 13க்குள். கறுப்பு எண் அடுத்த தேதிக்கு எத்தனை நாள் தள்ளிப் போக வேண்டும் என்பது. ஒன்பதாம் வகுப்பில் நான் இதைச் செய்துபார்த்தேன். விதியைச் சொல்லவில்லை. சிவப்பு சாக்பீஸில் ஒரு எண், வெள்ளையில் அடுத்தது என்று புள்ளியும் கோடுமாகப் போர்டில் போட்டேன். சிவப்பு 4, வெள்ளை 11, சிவப்பு 2, வெள்ளை 20, சிவப்பு 9, வெள்ளை 10, சிவப்பு 6, வெள்ளை 15, சிவப்பு 8, வெள்ளை 9, சிவப்பு 4. (எண்கள் நான் அமைத்தவை, முறை ஏட்டில் உள்ளது.)

பத்து நிமிடம் சத்தமே இல்லை. பின்பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், கூட்டினா 13 அதிகமா வருது, சார்" என்றான். 4உம் 11உம் 15. 13 போனால் 2. 2உம் 20உம் 22. 13 போனால் 9. கடைசிவரை அப்படியே. அப்புறம் வெள்ளை எண்களை மட்டும் கூட்டச் சொன்னேன். 65. அதை நான்கால் பெருக்கினால் 260. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. கணக்கில் எப்போதும் கடைசி மதிப்பெண் வாங்குகிற பையன் அவன்.

ஃபோர்ஸ்டமான் தன் வகுப்பில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விதி தெரியாமல் எண்களை மட்டும் பார்த்து விதியைக் கறப்பது எப்படி என்பது வாத்தியார் வீட்டில் வளர்ந்தவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

நெய்தல்:

அருமை சார். ஆனால் இங்கே ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது. புள்ளி ஒன்று, கோடு ஐந்து என்பதை ரஃபினெஸ்க் என்ற அறிஞர் 1832இலேயே அச்சில் சொல்லிவிட்டார். நாட்பெயர்களும் மாதப்பெயர்களும் ஐரோப்பியருக்குக் கிடைத்தது டியேகோ டி லாண்டாவின் குறிப்பேட்டிலிருந்து. அதன் படியை பிரசர் த பூர்பூர்க் என்ற பாதிரியார் 1862இல் மாட்ரிட்டில் கண்டெடுத்து 1864இல் வெளியிட்டார். அது இல்லாமல் ஃபோர்ஸ்டமான் 'அஹாவ்' என்று ஒரு சொல்லைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அந்த லாண்டா யார்? மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் இருந்த பிரான்சிஸ்கன் பாதிரி. 1562இல் மானி என்ற ஊரில் மாயன் ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தவர். அவற்றில் பேயின் பொய்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால் எரித்தோம், அந்த மக்கள் அதற்காகப் பெரிதும் வருந்தினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். எரித்தவர் கையெழுத்தில்தான் எஞ்சிய ஏட்டின் திறவுகோல் இருந்தது. ஃபோர்ஸ்டமான் காலத்தில் உலகில் தெரிந்திருந்த மாயன் ஏடுகள் மூன்று. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ். தப்பியதாக அப்போது தெரிந்தவை அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. அந்த 260 நாள் கணக்கு செத்துப்போன கணக்கு இல்லை. குவாத்தமாலா மேட்டுநிலத்தில் கிச்சே மக்களிடையே நாள் பார்ப்பவர்கள் இன்றுவரை அதை எண்ணுகிறார்கள். டிரெஸ்டனில் ஒருவர் மேசையில் அந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு பெரியவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஃபோர்ஸ்டமான் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. 'கண்டுபிடித்தார்' என்று எழுதும்போது யாருக்குத் தெரியாததை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏட்டுக்கட்டு:

நீங்கள் சொன்னதில் ஒரு வரிகூட மறுக்க மாட்டேன், அக்கா. தலைப்பில் 'திறந்தவர்' என்று போட்டேன். ஐரோப்பாவில் மூடிக்கிடந்த ஏட்டை என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் எண்ணியது 260 நாள் சுழற்சி. நீண்ட கணக்கு, தொடக்க நாளிலிருந்து லட்சக்கணக்கில் எண்ணுகிற கணக்கு, புழக்கத்திலிருந்து போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தது. வெள்ளி அட்டவணையும் அப்படித்தான். 24ஆம் பக்கத்தின் தொடர்ச்சி 46 முதல் 50 வரை இருக்கிறது. (24க்குப் பிறகு நேராக 46 வருவது அச்சுப்பிழை இல்லை. பழைய வரிசை எண் தவறாகிப்போய், அதே எண் நிலைத்துவிட்டது.) அங்கே 236, 90, 250, 8 என்று நான்கு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டினால் 584. வெள்ளிக் கோள் காலையில் தோன்றி, மறைந்து, மாலையில் தோன்றி, மறைந்து மறுபடி காலையில் வர ஆகும் நாட்கள், சராசரியாக 583.92. ஐந்து முறை 584 என்றால் 2,920. அதுவே எட்டு முறை 365. இது வெள்ளியின் கணக்கு என்று கண்டு சொன்னவர் ஃபோர்ஸ்டமான். 51 முதல் 58 வரையுள்ள பக்கங்கள் நிலவோடு தொடர்புள்ளவை என்றும் கண்டார். அவை கிரகண அட்டவணை என்பது பிறகு வந்தவர்கள் தெளிவாக்கியது.

இதில் அவர் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துகளை அவர் படிக்கவில்லை. எண்ணும் நாளும் கோளும் மட்டுமே. ஒலிகளைப் படிக்கும் வழி 1952இல் லெனின்கிராடிலிருந்து சோவியத் அறிஞர் யூரி நோரசோவ் எழுதிய பிறகுதான் திறந்தது.

எங்கள் நூலகத்தில் ஒருமுறை ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது இருப்புச் சரிபார்ப்பு. மூன்று நாள் புத்தக முதுகைப் பார்த்து எண் படித்து எண் படித்துக் கண் பூத்துப்போயிருந்தது. நான்காம் நாள் 'சமையல்' அலமாரியில் ஒரு பழைய பஞ்சாங்கம். அட்டை போயிருந்தது. நடுவில் யாரோ பென்சிலில் ஒரு வருடத்து மழையைத் தேதி தேதியாகக் குறித்திருந்தார்கள். தேடிப் போயிருந்தால் கிடைத்திருக்காது. எண்ணிக்கொண்டிருந்ததால் கிடைத்தது. அன்றிலிருந்துதான் இந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

நெய்தல்:

அந்தப் பஞ்சாங்கம் இப்போது எங்கே?

ஏட்டுக்கட்டு:

பத்திரமாக இருக்கிறது. தனி உறையில், பென்சில் குறிப்பு பற்றிய ஒரு வரியைப் பதிவேட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்குநோட்டு:

1880ஆம் வருட நகல் பதிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவர் செய்ததில் நூலகரின் வேலை என்று நான் கைகாட்டுவது அதைத்தான்.

முன்பு வெளியானவை எல்லாம் ஓவியர் கையால் பார்த்து வரைந்தவை. ஒரு புள்ளி தவறினால் கணக்கு போயிற்று. ஃபோர்ஸ்டமான் லைப்சிக் நகரத்து நௌமான் அச்சகத்தில் ஒளிப்பட முறையில், வண்ணத்தில் அச்சிட வைத்தார். 60 பிரதிகள். 1892இல் மறுபதிப்பு. கண்டுபிடித்துவிட்டு ஏட்டை வெளியிடவில்லை பாருங்கள். முதலில் ஏட்டை எல்லோர் கையிலும் கொடுத்தார். அதன் பிறகு 1886இல்தான் பெரிய விளக்கநூல். வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பூட்டி வைக்கவில்லை. அமெரிக்காவில் சைரஸ் தாமஸ், ஜெர்மனியிலேயே எடுவர்ட் செலர், தெய்வ உருவங்களுக்கு எழுத்து வரிசை கொடுத்த நீதிபதி பவுல் ஷெல்ஹாஸ் என்று பலர் அதே காலத்தில் உழைத்தார்கள்.

நெய்தல்:

அதன் பலன் 1945இல் தெரிந்தது. பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. ஏடு அந்த ஊரில் 'ஜப்பானிய அரண்மனை' என்று பெயர் கொண்ட கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. நூலகமே அந்த அரண்மனையில்தான் இருந்தது. தீ தொடவில்லை, தண்ணீர் புகுந்துவிட்டது. சில பக்கங்களில் ஓரங்களும் நிறமும் போயின, எண்கள் மங்கின. இன்று அந்தப் பக்கங்களைப் படிக்க 1880 நகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை எரிப்பில் தப்பி, இன்னொருமுறை தண்ணீரில் நனைந்து... இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது. நகல் எடுத்தவருக்கு 65 வருடம் கழித்து இப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

வெர்னிகெரோட நூலகத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக விற்கப்பட்டும் போரின் முடிவில் எடுத்துச் செல்லப்பட்டும் சிதறிப்போயிற்று.

பவழமல்லி:

அவர் கடைசிக் காலம்?

ஏட்டுக்கட்டு:

1887இல் பெரிய நூலகத்தின் தலைமையை விட்டார். சும்மா இருக்கவில்லை. சாக்சனி அரச குடும்பத்தின் தனி நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். தொடங்கினது ஒரு பிரபுவின் நூலகத்தில், முடித்தது ஒரு அரசரின் நூலகத்தில். 1894இல், 72 வயது நெருங்கும்போது, ஹோண்டுராஸில் உள்ள பழைய மாயன் நகரான கோப்பானின் ஏழு கல்தூண்களில் இருந்த நீண்ட கணக்குத் தேதிகளைப் படித்தார். ஆங்கிலேய ஆய்வாளர் மோட்ஸ்லே எடுத்த புகைப்படங்களை வைத்துத்தான். ஏட்டில் கண்ட விதி கல்லிலும் பொருந்தியது. 1900இல் பெயர்ப் புத்தகத்தின் முதல் தொகுதிக்குத் திருத்திய பதிப்பு. 20 வயதுகளில் ஆரம்பித்த வேலை!

1906 நவம்பர் 4 அன்று பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்கில் இறந்தார். 84 வயது. மாயன் ஏட்டுக்கு அவர் எழுதிய விளக்கம் அமெரிக்காவின் பீபாடி அருங்காட்சியகம் வழியாக ஆங்கிலத்தில் வந்ததும் அதே வருடம்தான்.

ஏட்டை டிரெஸ்டன் நூலகம் இணையத்தில் முழுசாக வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. பவழமல்லி, 24ஆம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார். இடப்பக்கம் கீழே சிவப்பு வளையம் கட்டிய எண் ஒன்று இருக்கும். அதுதான் சார் சொன்ன 2,200.

பவழமல்லி:

பார்த்தேன் அண்ணா! வளையத்துக்கு மேலே முடிச்சு மாதிரி இருக்கிறது. ஒரு கோடு ஒரு புள்ளி, அதற்குக் கீழ் இரண்டு புள்ளி. 6, 2, வளையத்துக்குள் 0. நானே படித்தேன்.

சார், அந்த 13,66,560ஐ வகுத்துப் பார்த்தேன். 260ஆல் வகுத்தால் 5,256. 365ஆல் 3,744. 584ஆல் 2,340. ஒன்றிலும் மீதி இல்லை. தற்செயலா?

கணக்குநோட்டு:

தற்செயல் இல்லை. ஃபோர்ஸ்டமானும் அந்த எண்ணிடம்தான் ரொம்ப நேரம் நின்றார். மூன்று சக்கரமும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று தேடி எடுத்த எண் அது. 780ஆலும் வகுத்துப் பார். அது செவ்வாய்க்கு நெருக்கமான சுழற்சி.

பவழமல்லி:

1,752. மீதி இல்லை, சார்.